பிரெஞ்சு வினைச்சொல்லின் வால் ஒலிக்காது

பிரெஞ்சு படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் தடுமாறுவது வினைச்சொல்லின் கடைசி எழுத்துகளில்தான். பேசுவதைக் குறிக்கும் 'பார்லே' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். நிகழ்காலத்தில் நான், நீ, அவன், அவர்கள் என்ற நான்குக்கும் சேர்த்து எழுத்தில் மூன்று வடிவங்கள் உண்டு. ஒலியோ ஒன்றுதான்: 'பார்ல்', ஒரே அசை. நம் பழக்கத்தில் 'பார்லு' என்று உகரம் ஒட்டிக்கொள்ளும்; நாக்கு பல்லுக்குப் பின்னால் தொட்ட இடத்திலேயே நிறுத்துங்கள். நாம், நீங்கள் என்னும்போது மட்டும் இரண்டு அசை: பார்‑லோன், பார்‑லே.

'அவர்கள்' வடிவத்தின் முடிவில் வரும் இ, என், டி மூன்றும் ஊமை. அதே மூன்று எழுத்துகள் பெயர்ச்சொல்லின் முடிவில் வந்தால் மூக்கொலியோடு 'ஆன்' ஆகிவிடும். 'மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன' என்ற பிரெஞ்சு வாக்கியத்தில் ஒரே எழுத்துக்கூட்டல் அடுத்தடுத்து இருமுறை வரும். மடம் 'கூவான்', அடைகாப்பது வெறும் 'கூவ்'. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது!

அப்புறம் அசை பிரிப்பு. தமிழ் + அரசி 'தமிழரசி' ஆவதுபோல, மெய் அடுத்த உயிரோடு போய்ச் சேரும். 'அவன் நேசிக்கிறான்' என்பது இல்‑ஏம் அல்ல, இ‑லேம். 'அவர்கள் நேசிக்கிறார்கள்' என்றால் நடுவில் ஒரு 'ஸ்' முளைக்கும்: இல்‑ஸேம். அது வண்டு ரீங்கரிப்பது போல அதிரும் ஸகரம். தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள், அதிர்வு தெரியும். ஒருமையா பன்மையா என்பதை இங்கே காதுக்குச் சொல்வது அந்த ஓர் ஒலி மட்டுமே.