ரெஸ்யூமில் போட ஒரு முகவரி: முதல் வேலை தேடுபவர்களுக்கான செய்முறை

ஃப்ரெஷர் வேலைக்கு அனுப்பப்படும் ரெஸ்யூம்களில் பெரும்பாலும் ஒரே வரிசைதான் இருக்கும்: ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், அதன்கீழ் சில ஆன்லைன் சான்றிதழ்கள். இவற்றுள் எது உண்மையாகவே கைவந்தது என்று வாசிப்பவரால் அறிய முடியாது. சொடுக்கினால் திறக்கிற ஒரு பக்கம் இருந்தால் நேர்காணலின் பேச்சு அதிலிருந்தே தொடங்கும். அந்தப் பக்கத்தை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் செலவில்லாமல் ஏற்றும் வழியை இங்கே எழுதுகிறேன். ஹெச்டிஎம்எல் அடிப்படை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எதைச் செய்வது?

பிரபலமான ஷாப்பிங் தளத்தின் நகல் வேண்டாம். வீடியோ பார்த்து எல்லோரும் அதையே செய்கிறார்கள். உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துச் சுவரில் எழுதியிருக்கும் கால அட்டவணையை எடுத்து, போகவேண்டிய ஊரைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த வண்டி எப்போது என்று காட்டும் ஒரு பக்கத்தைச் செய்யுங்கள். இரவு 11.50க்குத் தேடுபவருக்கு மறுநாள் அதிகாலை 4.30 வண்டியைக் காட்ட வேண்டும் என்பதை யோசித்து நீங்கள் எழுதும் சில வரிகளைப் பற்றியே நேர்காணலில் நெடுநேரம் பேசலாம்.

படி 2: கணக்கும் கருவிகளும்

கிட்ஹப் பயனர் பெயரில் ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு ஆகியவை மட்டுமே வரலாம். அந்தப் பெயரே உங்கள் முகவரியாகவும் ஆகப்போவதால் சொந்தப் பெயரையே வையுங்கள். தல, தளபதி என்று தொடங்கும் பெயர்கள் ரெஸ்யூமில் ஏறும்போது சங்கடமாகிவிடும்.

எழுதுவதற்கு விஎஸ் கோட், ஏற்றுவதற்குக் கிட்ஹப் டெஸ்க்டாப் ஆகிய இரண்டும் போதும். கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் கட்டளை வரியில்தான் தொடங்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை இரண்டாம் மாதத்திற்குத் தள்ளிவைக்கச் சொல்வேன். 2021 ஆகஸ்ட் 13 முதல், கட்டளை வரியில் கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் மென்பொருள்) கேட்கும் இடத்தில் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் கிட்ஹப் ஏற்பதில்லை; அதற்குப் பதிலாகத் தனியே உருவாக்கிக்கொள்ளும் டோக்கனோ எஸ்எஸ்ஹெச் சாவியோ வேண்டும். பழைய வீடியோக்கள் இன்னும் கடவுச்சொல்லையே கொடுக்கச் சொல்வதால் புதியவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். டெஸ்க்டாப் செயலியில் பிரவுசர் வழியாக உள்நுழைந்தால் இந்தத் தொல்லை இல்லை.

கோப்புகளைத் தளத்திலேயே இழுத்துப் போட்டு ஏற்றும் வசதியும் உண்டு. ஆனால் அப்படி ஏற்றினால் ஒவ்வொரு கமிட்டின் (பதிவுசெய்த மாற்றத்தின்) மேலும் ‘ஆட் ஃபைல்ஸ் வயா அப்லோட்’ என்ற ஒரே வாசகம் தானாக விழும். ‘நள்ளிரவுக் கணக்கைச் சரிசெய்தேன்’ என்பது போன்ற குறிப்புகளை நீங்களே எழுதியிருந்தால், வேலை எப்படி வளர்ந்தது என்பது பார்ப்பவருக்குப் புரியும்.

படி 3: ரெப்போவும் வெளியீடும்

ரெப்போவின் (கிட்ஹப்பில் உங்கள் கோப்புகள் இருக்கும் இடத்தின்) பெயர் உங்கள் பயனர் பெயர், அதன்பின் புள்ளி கிட்ஹப் புள்ளி ஐஓ என்று இருக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் வெளியிடும்போது ‘கீப் திஸ் கோட் பிரைவேட்’ (இந்த நிரலைத் தனிப்பட்டதாக வை) என்ற பெட்டியில் ஏற்கெனவே டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். இலவசக் கணக்கில் பொது ரெப்போவுக்கு மட்டுமே பக்கம் கிடைக்கும். முதல் பக்கக் கோப்பின் பெயர் ‘இன்டெக்ஸ் புள்ளி ஹெச்டிஎம்எல்’, முழுக்கச் சிறிய எழுத்தில், உள் ஃபோல்டர் எதற்குள்ளும் இல்லாமல் இருக்க வேண்டும். பிறகு செட்டிங்ஸில் பேஜஸ் பகுதிக்குப் போய் ‘மெயின்’ கிளையை (கோப்புகளின் முதன்மைப் பதிப்பை) தேர்ந்தெடுங்கள். பக்கம் தோன்றப் பத்து நிமிடம் வரை ஆகலாம்.

படி 4: படம் மட்டும் வராமல் போவது

நான் அதிக நேரம் மல்லுக்கட்டிய இடம் இதுதான். சொந்தக் கணினியில் எல்லாப் படங்களும் தெரியும். ஏற்றிய பக்கத்திலோ உடைந்த படக்குறி மட்டும் நிற்கும். விண்டோஸ் கோப்புப் பெயரில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கருதும். கிட்ஹப் பக்கங்களோ இரண்டையும் வெவ்வேறாகக் கொள்ளும். கேமரா படங்களின் ‘ஜேபிஜி’ பின்னொட்டு பல நேரங்களில் பெரிய எழுத்தில் இருக்க, கோடில் நாம் சிறிய எழுத்தில் எழுதியிருப்போம்.

சரி, பெயரை மாற்றிவிடலாம் என்று எழுத்தின் அளவை மட்டும் மாற்றினால் டெஸ்க்டாப் எந்த மாற்றத்தையும் காட்டாமல் இருக்கக்கூடும், ஏனெனில் விண்டோஸில் கிட் மென்பொருளும் இயல்பாக அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. அப்போது கோப்புக்கு முற்றிலும் வேறொரு பெயர் வைத்துக் கமிட் செய்துவிட்டு, அதன்பின் வேண்டிய பெயருக்கு மாற்றி இன்னொரு கமிட் செய்து புஷ் செய்யுங்கள், அதாவது கிட்ஹப்புக்கு அனுப்புங்கள். தொடக்கத்திலிருந்தே எல்லாக் கோப்புகளுக்கும் சிறிய எழுத்து, இடைவெளி இல்லாத பெயர் என்று வைத்துக்கொண்டால் இந்த வேலையே மிச்சம்.

பின்சேர்க்கை

ஊர்ப் பெயர்களைத் தமிழில் எழுதினால் கட்டம் கட்டமாகவோ புரியாத குறிகளாகவோ வருகிறது என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். ஹெட் பகுதியின் முதல் வரியாக யூடிஎஃப்-8 என்று எழுத்துக் குறியாக்கத்தைக் குறிக்கும் மெட்டா டேகைச் சேருங்கள். கோப்பும் யூடிஎஃப்-8 வடிவில்தான் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விஎஸ் கோட் இயல்பாக அப்படித்தான் சேமிக்கும்.

இன்னொருவர் தம் கமிட்டுகள் சுயவிவரப் பக்கத்தில் அன்றாடப் பங்களிப்பைக் காட்டும் பச்சைக் கட்டங்களில் ஏறவில்லை என்றார். கமிட்டில் பதிவாகும் மின்னஞ்சல், கிட்ஹப் கணக்கில் சேர்க்கப்பட்டதாக இருந்தால்தான் அவை கணக்கில் வரும். அந்த மின்னஞ்சலை ஊரறியச் செய்ய விருப்பமில்லாதவர்கள் செட்டிங்ஸில் அதை மறைத்துவிட்டு, கிட்ஹப் தரும் மாற்று முகவரியைப் பயன்படுத்தலாம். அதே காரணத்தால் கைப்பேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் அந்தப் பக்கத்தில் போடாதீர்கள். அவற்றை அனுப்புகிற ரெஸ்யூமில் மட்டும் வைத்தால் போதும்.