60 ஜோடியை 120 பேர்னு எண்ணாதீங்க: குடும்ப சிகிச்சை ஆய்வுல தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசம் ஒரு பொண்ணு தீசிஸ் டேட்டாவோட வந்தா. லேப்டாப்பைத் திறந்து எக்செல் ஷீட்டைக் காட்டுனதும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. படிக்கிற காலத்துல நான் செஞ்ச அதே தப்பு, வரிசை வரிசையா அப்படியே இருக்கு. அதான் எழுத உக்காந்துட்டேன். விடுபட்ட பதிலுக்கு 99 போட்டுட்டு அதையும் சேர்த்து சராசரி எடுக்கறது, ரிவர்ஸ் ஸ்கோரிங்கை (எதிர்மறையா கேட்ட கேள்விக்கு மார்க்கைத் திருப்பிப் போடறதை) மறக்கறது எல்லாம் கைடு ஒரு தடவை சத்தம் போட்டா சரியாயிடும், அதை இங்க தொடலை.

கணவன் மனைவியை சம்பந்தமில்லாத ரெண்டு பேரா கணக்குல எடுக்கறது

குரூப்பை ஒப்பிடவும் தொடர்பு பாக்கவும் நாம போடற சாதாரண டி டெஸ்ட், அனோவா, ரிக்ரெஷன் மாதிரி புள்ளியியல் சோதனை எல்லாம் ஒரு அனுமானத்து மேலதான் நிக்குது, ஒருத்தர் பதிலுக்கும் அடுத்தவர் பதிலுக்கும் தொடர்பு கிடையாதுன்னு. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஒரே சண்டையை ஆளுக்கொரு பக்கமா பாத்துட்டு வர்றவங்க பதில் எப்படிங்க தொடர்பில்லாம இருக்கும்?

நான் 60 ஜோடி எடுத்தேன், பாதி ஜோடிக்கு சிகிச்சை, மீதி வெயிட்டிங் லிஸ்ட், அதாவது சிகிச்சைக்குக் காத்திருக்கறவங்க. எஸ்பிஎஸ்எஸ்ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல 120 வரிசை. வைவாவுல, அதான் வாய்மொழித் தேர்வுல, வெளியூர்ல இருந்து வந்த எக்ஸாமினர் கேட்டது ஒரே கேள்விதான், "14வது வரிசையில இருக்கறவரோட சம்சாரம் எந்த வரிசைம்மா?" வாயைத் திறக்க முடியலை. ரகசியம் காக்கணும்னு ஃபார்ம்ல பேரும் வாங்கலை, ஜோடி நம்பரும் போடலை, ஆம்பளைங்க ஃபார்ம் ஒரு கட்டு பொம்பளைங்க ஃபார்ம் ஒரு கட்டுன்னு வச்சிருந்தேன். அனாலிசிஸ் தப்புன்னா ஒரு ராத்திரி முழிச்சு திருத்திடலாம், இதை எதை வச்சு திருத்தறது? திரும்ப டேட்டா எடுக்க எட்டு மாசம் ஆச்சு. மாசம் போனதைக்கூட விடுங்க, சில பேர் கண்ணைத் துடைச்சுக்கிட்டே அந்த ஃபார்மை நிரப்பிக் குடுத்தாங்க, அவங்க குடுத்தது அத்தனையும் என்னால வீணாப் போச்சு, இன்னைக்கு நினைச்சாலும் மனசு ஆறலை.

கணக்கைப் பாருங்க. ஜோடிக்குள்ள இருக்கற தொடர்பு 0.5னு வச்சுக்கோங்க, 120ஐ 1 + 0.5, அதாவது 1.5ஆல வகுத்தா 80. சிகிச்சை குரூப்பையும் வெயிட்டிங் லிஸ்ட்டையும் ஒப்பிடும்போது உங்க கையில இருக்கறது 80 பேர் அளவு தகவல்தான், 120 இல்லை. அதனால இல்லாத வித்தியாசம் இருக்கற மாதிரி பி வேல்யூ (வித்தியாசமே இல்லைன்னா இப்படி ஒரு முடிவு தற்செயலா வர்ற வாய்ப்பு) சின்னதா வந்து நிக்கும். கணவர்களையும் மனைவிகளையும் ஒப்பிட்டா இது அப்படியே தலைகீழ், உண்மையா இருக்கற வித்தியாசமே தெரியாமப் போயிடும், அங்க ஜோடி ஜோடியா ஒப்பிடற பேர்டு டி டெஸ்ட் போடணும்.

டேவிட் கென்னி, டெபோரா காஷி, வில்லியம் குக் மூணு பேரும் 2006ல ஜோடி டேட்டாவுக்குன்னே ஒரு புத்தகம் போட்டாங்க. அதுல வர்ற ஆக்டர் பார்ட்னர் மாடலைக் கத்துக்கோங்க. மனைவியோட மனச்சோர்வு அவங்க திருப்தியை எவ்வளவு குறைக்குது, கணவரோட திருப்தியை எவ்வளவு குறைக்குதுன்னு ரெண்டையும் தனித்தனியா சொல்லும். குடும்ப சிகிச்சையில நாம தெரிஞ்சுக்க நினைக்கறதே அதைத்தானே?

இதெல்லாம் ஜோடி நம்பர் இருந்தாத்தான் நடக்கும். ஃபார்ம் மூலையில 17-1, 17-2ன்னு போட்டா போதும், பேரே வேண்டாம். நிரப்பும்போது ரெண்டு பேரையும் வேற வேற ரூம்ல உக்கார வைங்க, பக்கத்துல இருந்தா துணையோட முகத்தைப் பாத்துப் பாத்துதான் டிக் அடிப்பாங்க.

சரி, ரெண்டு ஸ்கோரையும் கூட்டி சராசரி எடுத்துடலாம்னு நினைக்கறது

தொடர்பு பிரச்சினை தீந்துடும், வாஸ்தவம்தான். ஆனா கிரஹாம் ஸ்பேனியர் 1976ல கொண்டு வந்த டயாடிக் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்கேலை எடுத்துக்கோங்க, ஜோடி எவ்வளவு ஒத்துப்போறாங்கன்னு அளக்கற கேள்வித்தாள், ஸ்கோர் கூடினா நல்லது, 32 கேள்வி, 0ல இருந்து 151 வரைக்கும் ஸ்கோர். கணவர் 130, மனைவி 70னா சராசரி 100, பாத்தா ஏதோ பரவாயில்லைன்னு தோணும். ஸ்பேனியரோட ஆய்வுல விவாகரத்து ஆனவங்க சராசரியே 70.7தான், கல்யாண வாழ்க்கையில இருந்தவங்களுக்கு 114.8. வெளியே போற நிலைமையில ஒருத்தி இருக்கா, அவர் எல்லாம் நல்லாத்தான் போகுதுன்னு இருக்கார், அந்த 60 பாயிண்ட் இடைவெளிதான் கேஸே, அதைப் போய் அழிச்சுடறீங்க.

ஸ்கோர் ஏறுச்சு, அப்போ சிகிச்சைதான் காரணம்

ஒப்பிட இன்னொரு குரூப் இல்லாம இதை சொல்லாதீங்க. நிலைமை ரொம்ப மோசமா இருக்கற வாரத்துலதான் ஜனங்க நம்மகிட்ட வர்றாங்க, ஒண்ணுமே செய்யாட்டியும் கொஞ்ச நாள்ல கொஞ்சமாவது மேல வருவாங்க. இதுக்குப் பேரு சராசரியை நோக்கித் திரும்பறது, பிரான்சிஸ் கால்டன்ங்கற விஞ்ஞானி 1886லயே பெத்தவங்க, பிள்ளைங்க உயரத்தை வச்சுக் காட்டிட்டார்.

கூகுள்ல மொழிபெயர்த்த ஸ்கேல்

வேண்டாம். ரெண்டு மொழியும் தெரிஞ்ச ஒருத்தர் தமிழுக்கு மாத்தட்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருத்தர் திரும்ப இங்கிலீஷுக்கு மாத்தட்டும், அப்புறம் ஒப்பிடுங்க.

பாதியில நின்னவங்களை ஷீட்ல இருந்து நீக்கறது

நீக்காதீங்க. மூணாவது செஷனுக்கு அப்புறம் வராமப் போனதுல பாதிப் பேர் பிரிஞ்சிருக்கலாம், கடைசி வரைக்கும் வந்தவங்களை மட்டும் எண்ணுனா அவங்க யாருமே கணக்குல வரமாட்டாங்க. அந்தப் பொண்ணோட ஷீட்ல அப்படி 11 ஜோடி காணோம். ஆனா ஜோடி நம்பர் மட்டும் ஒரு தனி நோட்டுல எழுதி வச்சிருந்தா, நிம்மதியா இருந்துச்சு, அன்னைக்கு சாயங்காலமே ரெண்டு பேரும் உக்காந்து அந்த நம்பரை ஷீட்ல சேர்த்துட்டோம்.