நோயாளி இறந்த பிறகு அந்தப் பத்து நிமிடம்

வார்டில் ஒரு நோயாளி இறந்தால், கலங்கிப்போகும் ஊழியர்களைத் தேற்ற, முன்பு எல்லாரையும் கட்டாயமாக உட்காரவைத்து ஒரே அமர்வில் நடந்ததைக் கிளறவைத்தோம், எடுபடவில்லை. உலக சுகாதார நிறுவனமும் அந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை.

இப்போது இறப்பை அறிவித்ததும், உடலைத் துடைக்கும் முன், ஒருவர் நோயாளியின் பெயரைச் சொல்வார். 30 விநாடி மௌனம். மானிட்டர் அலாரத்தை முதலிலேயே அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் அலறும். பிறகு, ஷிஃப்ட் முடிவதற்குள், 10 நிமிடப் பேச்சு. இளையவர்தான் தொடங்க வேண்டும். பெரிய டாக்டர் ஆரம்பித்தால் மற்றவர்கள் வாயே திறப்பதில்லை. யார் தவறு என்ற விசாரணை இங்கே கூடாது, அதற்குத் தனிக் கூட்டம். துப்புரவுப் பணியாளரையும் கூப்பிடுங்கள். நோயாளியிடம் அதிகம் பேசியவர் பல நேரம் அவர்தான். கலங்கி நிற்கும் நர்ஸிடம் அடுத்த அட்மிஷனை உடனே தள்ளாதீர்கள். 20 நிமிடம் அவருடைய படுக்கைகளை வேறொருவர் பார்க்கட்டும்.