சைக்கிளில் வரும் விருந்தாளியை விரட்டும் வழிகள்: செட்டிநாட்டு அனுபவம்

போன வாரம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு தம்பி, பழைய வீட்டை வெள்ளையடித்துத் தங்கும் விடுதியாக்கியிருந்தார். வாசலில் பலகை: ‘சைக்கிள் பயணிகளை வரவேற்கிறோம்’. அதற்குக் கீழே பொடி எழுத்தில்: ‘குறைந்தது இரண்டு இரவு’. எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், விருந்தாளிகளுக்கு அறை விட்ட என் வீட்டு வாசலில் தொங்கியதும் இதே வரிதான்.

படுக்கை சுத்தமாக இருக்கணும், குழாயில் தண்ணீர் வரணும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் செய்கிற தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு இரவு நிபந்தனை

“ஒரு ராத்திரிக்கு விட்டா, போர்வை துவைக்கிற கூலிக்கே கட்டாதுண்ணே. வெளிநாட்டுக்காரங்கன்னா 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல வேற பதியணும்” என்றார் தம்பி.

கணக்கு சரிதான், காரில் வருகிறவருக்கு. அவர் இங்கே அறை போட்டுக்கொண்டு ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி, திருமயம் என்று சுற்றிவிட்டு ராத்திரி திரும்பி வருவார். சைக்கிளின் இருபுறமும் பை கட்டிக்கொண்டு தொலைதூரம் போகிறவருக்கு அது ஆகாது. தஞ்சாவூரிலிருந்து எங்கள் ஊர் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். இங்கிருந்து மதுரையும் கிட்டத்தட்ட அதே தூரம். நம் வெயிலில் அது முழு நாள் மிதி. நடுவில் இருக்கிற நம்மிடம் அவர் கேட்பது ஒரே ஒரு ராத்திரி. அதை மறுத்தால் அவர் வேறு வீடு தேடமாட்டார், வேறு பாதை தேடுவார். புதுக்கோட்டையில் அறை கொடுத்தவருக்கும், வழியில் இளநீர் வெட்டுகிறவருக்கும் சேர்த்துத்தான் நட்டம்.

எனக்கு இது புரிந்தது ஒரு கார்த்திகை மாத மழையில். நடுத்தர வயது ஜோடி, சொட்டச் சொட்ட நனைந்து, இருட்டுகிற நேரத்தில் வந்து நின்றார்கள். எட்டு அறையில் ஆறு காலி. நான் பலகையைக் காட்டினேன். அந்த அம்மா அதைப் படித்தார், தலையாட்டினார், ஹேண்டில்பாரைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் காலை பால் வாங்கப் போனபோது ஊருணிப் படியில் இருவரும் உட்கார்ந்து பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுத்திருந்தார்களாம். பின்னாலேயே இரண்டு வாரத்தில் நண்பர்கள் ஆறு பேர் இதே வழியில் வருவதாக இருந்தது, இப்போது திருச்சியிலிருந்து நேராக மதுரைக்குப் போகச் சொல்லிவிட்டோம் என்றார் அந்த அம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கே பலகையைக் கழற்றினேன், அந்த ஆறு பேர் வரவில்லை.

ஜெர்மனியில் ஏ.டி.எஃப்.சி. என்ற சைக்கிள் சங்கம் 1995 முதல் ‘பெட்+பைக்’ என்று விடுதிகளுக்கு முத்திரை கொடுக்கிறது. பூட்டக்கூடிய சைக்கிள் அறை, ஈரத்துணி உலர்த்த இடம், அடிப்படைக் கருவிகள் என்று நிபந்தனைகள் உண்டு. ஒரே ஒரு இரவு தங்குகிறவரையும் ஏற்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. அவ்வளவு தூரம் போவானேன்? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற நகரத்தார் காவடியை எடுத்துக்கொள்ளுங்கள். வழி நெடுக ஒவ்வொரு ராத்திரி ஒவ்வொரு இடத்தில் தங்கல். ‘ரெண்டு நாள் இருந்தாத்தான் இடம்’ என்று எவரும் கேட்டதில்லை. சத்திரம் கட்டியே பேர் வாங்கிய சீமை நம்முடையது. நாமே இப்படிப் பலகை மாட்டினால் எரிச்சல் வராதா?

துவைக்கிற கூலியை ஒரு ராத்திரி வாடகையிலேயே கொஞ்சம் கூட்டி வையுங்கள். கொடுப்பார்கள்.

முள்ளை மறப்பது

சாலையோரம் முழுக்கச் சீமைக் கருவேலம். பஞ்சர் ஆகும் என்பதைவிட, ஒட்டிய பிறகும் ஆகும் என்பதுதான் தொல்லை. டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்து ஒட்டுவார்கள், முள் நுனி டயருக்குள்ளேயே நிற்கும், பத்து கிலோமீட்டரில் மறுபடி இறங்கும். ஒரு துண்டுப் பஞ்சை டயரின் உட்புறம் சுற்றித் தேயுங்கள், பஞ்சு சிக்குகிற இடத்தில் முள் இருக்கும். இன்னொன்று, இவர்கள் சைக்கிளில் வால்வு பென்சில் மாதிரி மெலிசாக இருக்கும், பிரெஸ்டா என்பார்கள். பெட்ரோல் பங்க் ஹோஸ் அதில் பிடிக்காது. சின்னப் பித்தளை அடாப்டர் இரண்டு வாங்கி, ஒன்றை வீட்டிலும் ஒன்றைத் தெருமுனைப் பஞ்சர் கடையிலும் வையுங்கள்.

காலை உணவு எட்டரைக்கு

ஐந்தரைக்குக் கிளம்புவார்கள். முதல் நாளே கேட்டு வையுங்கள்.

வழிகாட்டிப் பலகையைத் தப்பான இடத்தில் நடுவது

ஊர் எல்லையில் பெரிய வரவேற்பு வளைவு வைக்கிறோம், முச்சந்தியில் ஒன்றும் இல்லை. நம் ஊர்த் தெருக்களோ ஒன்றைப் போலவே இன்னொன்று. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் ஹியூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் 1995-ல் வேறு மாதிரி செய்தார். பாதைகள் கூடுகிற சந்திகளுக்கு மட்டும் எண் கொடுத்தார். கிளம்பும்போது நாலைந்து எண்ணைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டால் போதும். பத்து சந்திக்குப் பெயின்ட் அடிக்க ஒரு வளைவின் செலவுகூட ஆகாது.

வாடகைக்கு விட கியர் சைக்கிள் வாங்கிக் குவிப்பது

என்னுடையவை நாலு, கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. வேண்டுமென்றால் எடைக்குத் தருகிறேன்.

மே மாதத்தில் அழைப்பது

அழைக்காதீர்கள்.