ஆர்பிஜி கேம் பண்ணுதவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள், முக்காவாசி நானே பண்ணுனது

பாளையங்கோட்டையில வீட்டு மாடியில உக்காந்து ரெண்டு ஆர்பிஜி (நாமளே ஒரு பாத்திரமா கதைக்குள்ள போயி விளையாடுற கேம்) ஆரம்பிச்சு ஒண்ண பாதியில தூக்கிப் போட்டவன் நான். போட்டதுக்குக் காரணம் கோடிங் இல்ல, வரலாறு. ஏழு ராஜ்ஜியம், ஒவ்வொண்ணுக்கும் வம்சம், யாரு யார வெட்டுனான்னு நாலு நோட்டு நெறைய எழுதி வச்சிருந்தேன், ஆனா விளையாடுறதுக்கு பத்து நிமிஷம் கூட தேறாது. சித்தி மவன்ட்ட குடுத்தா ராஜா கத ஓட ஓட எண்டர தட்டிக்கிட்டே இருந்தான், கடைசில "ஏண்ணே, நான் எப்ப விளையாட?"ன்னு கேட்டான் பாருங்க, அதோட சரி.

1974ல ஆர்பிஜிக்கெல்லாம் மூத்ததான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தப்போ மேஜையச் சுத்தி உக்காந்து ஒருத்தர் நிலைமையச் சொல்லி "இப்ப நீ என்ன செய்யுத?"ன்னு கேப்பாரு, அவ்ளோதான் ஆட்டம். அந்தக் கேள்விய எங்க விட்டுட்டோமோ அங்கதான் நம்ம கேமும் படுக்கும்.

பெரிய தப்பு என்னன்னா கேள்விய கேட்டுட்டு பதில மதிக்காம இருக்கது. 1986ல வந்த முதல் டிராகன் குவெஸ்ட்ல இளவரசி கேக்கும்போது நீங்க "இல்ல"ன்னு சொன்னா ஆமாங்குற வரைக்கும் திரும்பத் திரும்ப கேட்டுட்டே இருப்பா. அது அந்தக் காலம், இப்போ பாத்தா சிரிப்பா இருக்கு, ஆனா நாம இன்னைக்கும் மூணு ஆப்ஷன் வச்சு மூணுக்கும் ஒரே பதில் வர்ற மாதிரிதான பண்ணுதோம்?

குறுக்குத்துறை முருகன் கோயில் பாத்திருப்பீங்க, ஆத்துக்குள்ளயே நிக்கும். தாமிரபரணில வெள்ளம்னா முதல்ல உற்சவர மேலக் கோயிலுக்கு கொண்டு போயிருவாங்க, தண்ணி வடிஞ்சதும் கீழ வந்துரும். இத வச்சு ரெண்டாவது கேம்ல ஒரு குவெஸ்ட் போட்டேன், அதுல நானே ஒரு கோயில உண்டாக்கி, தண்ணி ஏறுது, நாலு நடைதான் போக முடியும், தூக்க வேண்டியது ஆறு சாமான் இருக்குன்னு வச்சேன். எது சரின்னு கேம் சொல்லாது. ஆனா கணக்கு நோட்ட விட்டுட்டு வந்தீங்கன்னா பின்னாடி நெலத் தகராறுல ஒரு ஆச்சி தோத்துரும். சித்தி மவன் நோட்ட விட்டுட்டான், ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தான். ஏழு ராஜ்ஜியத்துக்கு வராத கோவம் ஒரு நோட்டுக்கு வந்துச்சு.

அடுத்து எதிரிங்க. நாம லெவல் ஏறுனா ஊர்ல உள்ள எல்லாவனும் கூடவே ஏறுறது. 2006ல வந்த ஆப்ளிவியன்ல நாம வளர்ந்த பெறகு பாத்தா சாதாரண வழிப்பறிக்காரன்லாம் விலையுயர்ந்த கவசம் மாட்டிட்டு நிப்பான், அந்தக் கவசத்த வித்தாலே அவனுக்கு திருட வேண்டிய அவசியம் இல்லையேன்னு எல்லாரும் கிண்டல் பண்ணாங்க. முதல் நாள் ஓட வச்ச தெரு நாய பத்து மணி நேரம் கழிச்சு ஒரே தட்டுல விரட்டணும்ல, அதுக்குத்தான லெவலு?

டேமேஜ் கணக்கு தாக்குதல்ல இருந்து தடுப்பக் கழிக்கிறதா மட்டும் இருந்தா உஷாரா இருங்க. தாக்குதல் 20, தடுப்பு 18னா அடி 2. ஒரு வாள் வாங்கி 22 ஆக்குனா அடி 4, அதாவது டபுளு. தாக்குதல தாக்குதலாலயே பெருக்கி, தாக்குதல் தடுப்பு ரெண்டையும் கூட்டுன தொகையால வகுத்துப் பாருங்க, 10.5ல இருந்து 12.1க்குத்தான் போகும், பேலன்ஸ் கைக்குள்ள நிக்கும்.

மருந்து பாட்டில் விஷயம் சின்னது, ஆனா எல்லாரும் பண்ணுததுதான். 99 வரைக்கும் சேக்க விட்டா ஆளுங்க கடைசி சண்டை வரைக்கும் சேத்து வச்சு அங்கயும் குடிக்க மாட்டாங்க. அஞ்சு குடுங்க, தூங்கி எந்திச்சா நெறையட்டும்.

தமிழ்ல வசனம் போடுதவங்களுக்கு இது: கேம் பண்ணுத மென்பொருள் கொடோவோட 3ஆம் பதிப்புல கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்கும், "கொடை"ன்னு எழுதுனா படிக்க முடியாது. 2023ல வந்த 4ல அது சரியாயிட்டு. நான் இது தெரியாம எழுத்த எல்லாம் படமா வரைஞ்சு ஒட்டுனேன், முந்நூறு படம், ஒரு வார்த்தைய மாத்தணும்னா திரும்ப போட்டோஷாப்ப திறக்கணும். நீங்க மொத நாளே ஒரு வரி தமிழ் அடிச்சு ஸ்கிரீன்ல பாத்துட்டு பெறகு கதய எழுதுங்க.