வாகோலி கல்குவாரியில் கனிமம் பொறுக்க

புனே அருகே வாகோலியின் பசால்ட் (எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல்) குவாரிகள் ஜல்லிக்காக உடைக்கப்படுபவை. பாறையின் பொந்துகளில் இருக்கும் ஸ்டில்பைட், ஹியூலண்டைட், நீல கேவன்சைட் போன்ற படிகக் கனிமங்கள் ஜல்லிக்கு வேண்டியவை அல்ல. ஆனாலும் உரிமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். வெடி வைக்காத, லாரி ஓடாத நாளாகக் கேளுங்கள்.

ஹெல்மெட், பாதுகாப்புக் கண்ணாடி, இரும்புமுனை பூட்ஸ் கட்டாயம். செங்குத்துப் பாறையின் அடியில் நிற்கவே கூடாது. வெடித்த பாறை நாள் கழித்தும் சரியும். கீழே சரிந்து கிடக்கும் குவியலில் தேடினால் போதும். வெடி ஒயரோ வெடிமருந்துக் குச்சியோ கண்ணில் பட்டால் தொடாமல் விலகி, மேஸ்திரியிடம் சொல்லுங்கள்.

படிகத்தை ஒட்டி உளி வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அடியின் அதிர்வு பாறை வழியாகப் போய்ப் படிகத்தை உதிர்த்துவிடும். இங்கே கிடைக்கும் இன்னொரு படிகமான அபோபிலைட் ஒரே தளத்தில் சுலபமாகப் பிளக்கும், அதற்கு இன்னும் கவனம் தேவை. நாலைந்து விரற்கடை தள்ளி உளியை வைத்து, ஒரு கிலோ சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டி வாருங்கள். தச்சுச் சுத்தியல் வேண்டாம், முனை சிதறும்.

ஊசி ஊசியாக நிற்கும் ஸ்கோலிசைட் என்ற கனிமத்தில் விரலோ காகிதமோ படக்கூடாது. கல்லின் அடிப்பாகத்தை மட்டும் பெட்டியில் இறுக்கி, மேலே காலி இடம் விடுங்கள். மற்றவற்றை டிஷ்யூவிலும் பிறகு செய்தித்தாளிலும் சுற்றலாம். குவாரி, தேதி எழுதிய சீட்டை அங்கேயே உள்ளே வையுங்கள்.

வீட்டில் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். மேலே ஒட்டியிருக்கும் கால்சைட்டை (சுண்ணாம்புக் கனிமம்) நீக்க ஆசிட் ஊற்றினால், அதோடு சேர்ந்து ஸ்டில்பைட், ஹியூலண்டைட், ஸ்கோலிசைட் போன்ற ஜியோலைட் வகைக் கனிமங்களும் அரிக்கப்பட்டு மங்கிவிடும்.