ஈடேக் எப்படி உருவாகிறது? கையால் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கேஷில் (பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் நகல்களில்) இருக்கும் கோப்பு இன்னும் செல்லுமா என்று பிரவுசர் சர்வரிடம் கேட்க ஓர் அடையாளம் வேண்டும். அதுதான் ஈடேக். கோப்பின் உள்ளடக்கத்தைப் படித்து எடுத்த ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்கக் குறி) அது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வெப் சர்வர்களான என்ஜின்எக்ஸோ அப்பாச்சியோ வழக்கமான அமைப்பில் உள்ளடக்கத்தைப் பார்ப்பதே இல்லை.

படி 1: என்ஜின்எக்ஸில் இருக்கும் ஒரு சிஎஸ்எஸ் கோப்பின் முகவரியைப் பிரவுசரில் நேரடியாகத் திறங்கள். எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதிக்குப் போய், பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். அங்கே 'டிசேபிள் கேஷ்' தேர்வாகி இருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை 304 ('கோப்பு மாறவில்லை, உங்களிடம் இருப்பதே போதும்' என்ற சர்வர் பதில்) கண்ணில் படாது.

படி 2: பதில் தலைப்புகளில் ஈடேக்கைத் தேடுங்கள். இப்படி இருக்கும்: "65920080-1388". கோடுக்கு இடப்பக்கம் கோப்பு கடைசியாக மாறிய நேரம், வலப்பக்கம் அளவு. இரண்டும் பதினாறடிமான எண்கள். (இதில் எழுத்தே வரவில்லை, பெரும்பாலும் ஏ முதல் எஃப் வரை கலந்தே வரும்.)

படி 3: கால்குலேட்டரை புரோகிராமர் முறையில் வைத்து மாற்றுங்கள். 1388 என்பது 5000 பைட். 65920080 என்பது 1704067200. 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகள். அதாவது 2024 ஜனவரி 1, இந்திய நேரம் காலை 5:30.

படி 4: உள்ளடக்கத்தைத் தொடாமல், டச் கட்டளையால் நேரத்தை மட்டும் ஒரு நொடி தள்ளிப் பாருங்கள். ஈடேக் 65920081-1388 ஆகிவிடும். பிரவுசர் இஃப்-நன்-மேட்ச் தலைப்பில் பழையதை அனுப்பும். பொருந்தாததால் 304க்குப் பதில் 200 வரும், ஓர் எழுத்துகூட மாறாத கோப்பு முழுசாக மறுபடி இறங்கும்.

சிக்கல்கள் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. இரண்டு சர்வர்களில் தனித்தனியாக கிட் (நிரலின் பதிப்புகளைக் காக்கும் கருவி) வழியே கோப்புகளை இறக்கினால், இறக்கிய நேரமே கோப்பின் நேரமாகிவிடும். ஒரே கோப்புக்கு இரண்டு ஈடேக்! லோடு பேலன்சர் (வேலையைச் சர்வர்களுக்குப் பிரித்துத் தருவது) பயனரை இரண்டு சர்வருக்கும் மாற்றி மாற்றி அனுப்ப, கேஷ் வீணாகும். ஓரிடத்தில் பில்ட் செய்து, நேரத்தைக் காப்பாற்றும் விருப்பத்தோடு ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கருவி) செய்தால் தீரும். அப்பாச்சி 2.2 ஐநோடு எண்ணையும் (டிஸ்கில் கோப்புக்குத் தரப்படும் உள் எண்) சேர்த்ததால் இதைவிட மோசம், 2.4இல் அதை இயல்பமைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிரானதுதான் ஆபத்தானது. நிக்ஸ் போன்ற பில்ட் கருவிகள் எல்லாக் கோப்புக்கும் ஒரே நேரத்தை இடும். நிற எண்ணில் ஓர் இலக்கம் மட்டும் மாறினால் அளவும் அதேதான், ஈடேக்கும் அதேதான். பயனருக்குப் பழைய கோப்பே நிற்கும், லாகில் பிழையும் இருக்காது. கோப்புப் பெயரிலேயே உள்ளடக்க ஹாஷைச் சேர்ப்பதுதான் நம்பகமான வழி.

ஈடேக்கின் முன்னால் 'டபிள்யூ/' தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஜிஜிப் சுருக்கம் கோப்பை அனுப்பும்போதே நடந்தால் பைட்டுகள் மாறிவிடும். அதனால் என்ஜின்எக்ஸ் 1.7.3 முதல் ஈடேக்கை வலுவற்றதாகக் குறிக்கிறது. 304க்கு அது போதும். பாதியில் நின்ற டவுன்லோடைத் தொடரும் இஃப்-ரேஞ்சுக்கு மட்டும் உதவாது.

நிரல் உருவாக்கும் பக்கங்களுக்கு என்ஜின்எக்ஸ் ஈடேக் போடாது. அது உங்கள் நிரலின் வேலை. நோட்.ஜேஎஸ் ஃபிரேம்வொர்க்கான எக்ஸ்பிரஸ் பதிலையே ஹாஷ் செய்து போடுகிறது. ஆனால் அதற்குப் பக்கம் முழுவதும் தயாராகியிருக்க வேண்டும்: 304 வந்தாலும் மிச்சமாவது பேண்ட்விட்த், டேட்டாபேஸ் வேலை அல்ல.